விலைபோகாத அட்டைகளின் விலை

அமெரிக்கக் கூடைப்பந்து அட்டைகளின் வரலாற்றில் பெரும்பகுதி, அவற்றை வாங்க ஆளில்லாமல் இருந்த காலங்களின் வரலாறாகும். இன்று ஏலங்களில் லட்சக்கணக்கான டாலருக்குக் கைமாறும் பழைய அட்டைகள் பலவும் வெளிவந்த காலத்தில் மிகக் குறைவாகவே விற்றன. போதிய விற்பனை இல்லாமல் அச்சிட்ட நிறுவனங்களே பலமுறை அத்தொழிலைக் கைவிட்டன. இந்தப் புறக்கணிப்புதான் அவற்றை அரிய பொருள்களாக ஆக்கியது என்பதைக் கணக்கில் கொள்ளாமல், அவற்றின் இன்றைய மதிப்பையும், பிரிக்கப்படாத பழைய பெட்டிகளுக்காகச் சேகரிப்பாளர்கள் போட்டியிடுவதையும் விளங்கிக்கொள்ள இயலாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிகரெட் பொட்டலங்கள் நசுங்காமலிருக்க உள்ளே செருகப்பட்ட கெட்டி அட்டைகளில் நடிகைகள், விளையாட்டு வீரர்கள் ஆகியோரின் படங்களை அச்சிடும் வழக்கம் பரவியது. விளையாட்டு அட்டைகளின் தொடக்கம் அதுவே. ஃபிலடெல்ஃபியாவின் ஃப்ளீர் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் டீமர் 1928-இல் பபிள்கம்மை உருவாக்கிய பின்னர், அட்டைகள் மெல்ல மெல்லப் புகையிலையை விட்டுச் சிறுவர்களின் இனிப்புப் பொட்டலங்களுக்கு இடம்பெயர்ந்தன. அந்தச் சந்தையை ஆண்டது பேஸ்பால். கூடைப்பந்தின் நிலையோ வேறாக இருந்தது: இன்றைய என்.பி.ஏ. எனப்படும் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் முன்னோடியான அமைப்பு 1946-இல்தான் தோன்றியது. அது போட்டி அமைப்பு ஒன்றுடன் 1949-இல் இணைந்த பிறகே என்.பி.ஏ. என்ற பெயர் வந்தது. இணைப்புக்கு முந்தைய ஆண்டில், 1948-இல், ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த போமன் நிறுவனம் 72 அட்டைகள் கொண்ட தொகுதியை வெளியிட்டது. அக்காலத்தின் தலைசிறந்த வீரரான ஜார்ஜ் மைக்கனின் ரூக்கி அட்டை அதில்தான் உள்ளது. தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த ஒரு வீரரின் படம் பரவலாக விற்பனைக்கு வந்த தொகுதி ஒன்றில் முதன்முறையாக இடம்பெறும்போது அந்த அட்டை அவருடைய ரூக்கி அட்டை எனப்படுகிறது. சேகரிப்பாளர்கள் மிகுதியாகத் தேடுவதும் அதையே.

போமன் தொகுதிக்குப் பின் ஒன்பது ஆண்டுகள் குறிப்பிடத்தக்க என்.பி.ஏ. தொகுதி எதுவும் வரவில்லை. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இயங்கிய டாப்ஸ் நிறுவனம் 1957-58 பருவத்தில் 80 அட்டைகளை வெளியிட்டுவிட்டு, மறு ஆண்டே நிறுத்திக்கொண்டது. ஃப்ளீர் 1961-62 பருவத்தில் 66 அட்டைகளை அச்சிட்டது. அதற்கும் தொடர்ச்சி இல்லை. டாப்ஸ் 1969-70 பருவத்தில் திரும்பி வரும் வரை மீண்டும் ஏறத்தாழ எட்டாண்டு இடைவெளி. இந்த இடைவெளிகள் ரூக்கி அட்டைகளின் மீது ஒரு விசித்திரமான முத்திரையைப் பதித்தன. 1956-இல் ஆடத் தொடங்கிய பில் ரசலின் ரூக்கி அட்டை, அவருடைய இரண்டாவது பருவத்தில் வந்த டாப்ஸ் தொகுதியில்தான் இடம்பெற்றது. 1958-இல் வந்த எல்ஜின் பெய்லர், 1959-இல் வந்த வில்ட் சேம்பர்லின், 1960-இல் வந்த ஜெர்ரி வெஸ்ட், ஆஸ்கர் ராபர்ட்சன் ஆகிய நால்வரும் 1961-இன் ஒரே ஃப்ளீர் தொகுதியில் குவிந்துகிடக்கின்றனர். ஆண்டுதோறும் யாரேனும் அச்சிட்டிருந்தால் மூன்று தொகுதிகளில் பரவியிருக்க வேண்டிய மேதைகள், அச்சிட ஆளில்லாத காரணத்தால் ஒரு தொகுதிக்குள் வந்து சேர்ந்தனர்.

அச்சானவையும் நல்ல நிலையில் தப்பவில்லை. அட்டைகள் சிறுவர்களின் விளையாட்டுப் பொருள்களாகவே கருதப்பட்டன. ரப்பர் வளையத்தால் கட்டிவைக்கப்பட்டன, சைக்கிள் சக்கரக் கம்பிகளில் சடசடவென ஒலி எழுப்புவதற்காகச் செருகப்பட்டன. பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் எனப் பெயர் மாற்றிக்கொண்ட லூ அல்சிண்டரின் ரூக்கி அட்டையைக் கொண்ட 1969-70 தொகுதி, வீரர்களின் உயரத்தைக் காட்டும் பொருட்டு 4 அங்குலத்துக்கும் மிகுந்த நீளத்தில் அச்சிடப்பட்டதால், அதன் மூலைகள் எளிதில் மழுங்கின. லாரி பேர்டும் மேஜிக் ஜான்சனும் ஒரே அட்டையில் அறிமுகமான 1980-81 டாப்ஸ் தொகுதியில் ஒவ்வோர் அட்டையும் துளைக்கோடுகளால் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பிய்த்தெடுப்பதற்கென்றே செய்யப்பட்ட அட்டை பிய்க்கப்படாமல் எஞ்சியிருப்பதே இன்று அதன் சிறப்பாகும்.

டாப்ஸ் 1981-82 தொகுதியோடு மீண்டும் விலகிக்கொண்டது. ஸ்டார் என்ற சிறு நிறுவனம் 1983 முதல் அட்டைகளை அணிவாரியாகப் பிளாஸ்டிக் உறைகளில் இட்டு, கடைகளுக்கு அல்லாமல் அட்டை வணிகர்களுக்கு விற்றது. மைக்கேல் ஜோர்டன் என்.பி.ஏ.வுக்கு வந்த 1984-85 பருவத்திலேயே ஸ்டார் அவருடைய அட்டையை வெளியிட்டிருந்தும், அது பொட்டலங்களில் பரவலாக விற்கப்படாததால், ரூக்கி அட்டை என்ற பெயரைப் பெரும்பாலான சேகரிப்பாளர்கள் 1986-87 ஃப்ளீர் தொகுதியின் 57-ஆம் அட்டைக்கே அளித்தனர். இங்கும் பழைய கதையே திரும்பியது: ஐந்தாண்டு இடைவெளியின் விளைவாக ஜோர்டன், ஹக்கீம் ஒலஜுவான், சார்லஸ் பார்க்லி, பேட்ரிக் யூயிங், கார்ல் மலோன், ஐசையா தாமஸ் ஆகியோர் 132 அட்டைகள் கொண்ட அந்த ஒரே தொகுதியில் ரூக்கிகளாகத் திரண்டனர். பொட்டலம் ஒன்றில் 12 அட்டைகளும் ஒரு ஸ்டிக்கரும் ஒரு துண்டு சூயிங்கமும் இருந்தன. விலை 40 சென்ட். பெட்டி ஒன்றுக்கு 36 பொட்டலங்கள். அதாவது 432 அட்டைகள் கொண்ட முழுப் பெட்டியின் சில்லறை விலை 15 டாலரைக்கூட எட்டவில்லை. அட்டைகள் சீராகக் கலந்திருப்பின் அத்தகைய பெட்டியில் சராசரியாக மூன்று ஜோர்டன் அட்டைகள் இருக்கும்.

அடுத்த சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. பேஸ்பால் அட்டைகளின் விலையேற்றம் பெரியவர்களையும் முதலீட்டாளர்களையும் சந்தைக்குள் ஈர்த்தது. 1989 முதல் ஹூப்ஸ், ஸ்கைபாக்ஸ், அப்பர் டெக் முதலியவை கூடைப்பந்துக்கு வரிசையாக வந்தன. அட்டைகள் மலைபோல அச்சிடப்பட்டன, வாங்கியோர் அவற்றைப் பெட்டி பெட்டியாகப் பாதுகாத்தனர். அனைவரும் பாதுகாத்த காரணத்தாலேயே அவை அரியவை ஆகவில்லை. அக்காலத்துப் பெட்டிகள் பல, முப்பது ஆண்டுகள் கடந்தும், பிரிக்கப்படாமலேயே மலிவாகக் கிடைக்கின்றன. 1986-இன் பெட்டிக்கும் 1990-இன் பெட்டிக்கும் இடையே ஆண்டு வேறுபாடு சிறிது. பராமரித்தவர்களின் எண்ணிக்கையில் உள்ள வேறுபாடோ பெரிது.

விலை ஏறியதும் மோசடியும் ஏறியது. போலி ஜோர்டன் அட்டைகள் பரவின. ஓரங்களை நறுக்கிச் சீராக்கும் ஏமாற்றும் பெருகியது. இதற்கு மாற்றாக 1991-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட பி.எஸ்.ஏ. நிறுவனம், அட்டையின் உண்மைத்தன்மையை ஆராய்ந்து, மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கும் நேர்த்தி ஆகியவற்றை மதிப்பிட்டு, 1 முதல் 10 வரை தரம் வழங்கி, கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் மூடித் தருகிறது. தரத்தின் ஓர் எண் உயர்வு விலையைப் பன்மடங்காக்கும். தரம் 10 பெற்ற ஜோர்டனின் ஃப்ளீர் அட்டை ஒன்று 2021 ஜனவரியில் 7.38 லட்சம் டாலருக்கு விற்றது. பெருந்தொற்றுக் காலத்தின் அந்தக் கொதிப்பு தணிந்ததும் விலை வெகுவாகச் சரிந்தது.

பிரிக்கப்படாத பெட்டியின் கவர்ச்சி இந்தப் பின்னணியில்தான் பொருள்படுகிறது. உயர்தரத்தில் ஓர் அட்டை இருக்கக்கூடிய இடங்களில் அது ஒன்று. கைபடாத அட்டைகள் அதற்குள் இருக்கலாம். ஆயினும் கைபடாமை குறைபாடின்மை ஆகாது: ஆலையிலேயே படம் ஓரமாக வெட்டுப்பட்டிருக்கலாம், சூயிங்கம் கசிந்து அட்டையில் கறை படிந்திருக்கலாம், பொட்டலத்தை ஒட்டிய மெழுகு பின்புறத்தில் பதிந்திருக்கலாம். மேலும், அக்காலத்துப் பொட்டலங்கள் மெழுகு பூசிய தாளை மடித்துச் சூடேற்றி ஒட்டப்பட்டவை. அதே முறையில் அவற்றைப் பிரித்து, நல்ல அட்டைகளை எடுத்துக்கொண்டு, மீண்டும் ஒட்டிவிட முடியும். ஆகவே பெட்டியின் மடிப்புகளையும் ஒட்டுகளையும் ஆராய்ந்து, ஐயமற்றவை எனக் கண்டால் ஒளிபுகும் தாளால் சுற்றி முத்திரையிடும் தனித்துறை உருவாகியது; அத்துறையில் இந்தியானா மாநிலத்தின் பேஸ்பால் கார்ட் எக்ஸ்சேஞ்ச் பெரிதும் அறியப்பட்டது. உள்ளே இருப்பதைப் பார்க்காமல் வாங்குபவர், அட்டையை மட்டுமல்லாது சான்றளிப்பவரின் நேர்மையையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறார்.

பழைய அருமை தற்செயலாக அமைந்தது என்பதை நிறுவனங்களும் உணர்ந்து, அருமையைத் திட்டமிட்டே உருவாக்கத் தொடங்கின. 1997-98 பருவத்தில் ஃப்ளீர், வரிசை எண் இடப்பட்ட 100 படிகள் மட்டுமே கொண்ட அட்டைகளை வெளியிட்டது. அப்பர் டெக் 2003-04 பருவத்தில் கொணர்ந்த எக்ஸ்குவிசிட் தொகுதியில் ஐந்து அட்டைகள் கொண்ட பொட்டலம் 500 டாலர்; அதில் வந்த லெப்ரான் ஜேம்ஸின் கையெழுத்தும் சட்டைத் துண்டும் கொண்ட ரூக்கி அட்டை 99 படிகள் மட்டுமே அச்சிடப்பட்டு, அவற்றில் ஒன்று 2021-இல் 52 லட்சம் டாலருக்கு விற்றது. இத்தகைய அட்டை, பிறந்த நாள் முதலே பாதுகாக்கப்படுகிறது; ரசலின் அட்டையோ எவருடைய திட்டமும் இன்றித் தப்பிப் பிழைத்தது.

அதனால்தான் 1986-க்கு முந்தைய பிரிக்கப்படாத பெட்டியைச் சேமிப்பாகவோ சூதாட்டமாகவோ மட்டும் காண்பது போதாது. எந்த அட்டை எதனுடன் அடுக்கப்பட்டது, தாளில் என்ன விளம்பரம் இருந்தது, எத்தனை பொட்டலங்கள் எவ்வாறு நிரப்பப்பட்டன என்பனவற்றுக்கு அதுவே முதன்மைச் சான்று. பிரித்தால் அட்டைகள் எஞ்சும், அச்சான்று அழியும். பிரிக்கப்படும் ஒவ்வொரு பெட்டியும் எஞ்சியவற்றின் எண்ணிக்கையைத் திரும்பப் பெற முடியாத வகையில் குறைக்கிறது. இந்நிலையில், விற்பனைக்காகவேனும் அவற்றைப் பிரிக்காமல் காத்துவரும் சேகரிப்பாளர்கள், அச்சிட்ட நிறுவனங்களே பேணாத ஓர் ஆவணத்தைப் பேணிவருகின்றனர். வரலாறு அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.