துவிச்சக்கரவண்டியும் கைந்நூலும்: ஹட்டனிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு கருவி ஒரு சமூகத்தினுள் நுழையும்போது அதனை இயக்கும் அறிவும், பழுது நேர்ந்தவிடத்துத் திருத்தும் அறிவும் அதனுடன் வரவேண்டியுள்ளன. கருவி கப்பலேறி விரைவில் வந்துவிடுகிறது. அறிவோ மெல்லவே வருகிறது. சிலவேளைகளில் வாராமலே போய்விடுவதும் உண்டு. துவிச்சக்கரவண்டியின் வரலாறு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். தன் வண்டியை வீட்டிலேயே பேண விரும்பும் புதியவர் ஒருவர் எத்தகைய பழுதுபார்க்கும் கைந்நூலைத் தேர்ந்துகொள்ளவேண்டும் என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்துக் கடைக்குச் செல்பவரின் வினாவாகவே தோன்றும். ஆயின், அவ்வினாவுக்குச் செவ்வையான விடை காண்பதற்கு, அந்த வண்டி எங்கே, எவருக்காகச் செய்யப்பட்டது என்பதையும், அந்த நூல் எங்கே, எவருக்காக எழுதப்பட்டது என்பதையும் அறிதல் வேண்டும். அவ்வகையில் இது ஒரு வரலாற்று வினாவுமாகும். அதனை மலையகத்தின் நிலையில் நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2022ஆம் ஆண்டு இலங்கையில் ஏற்பட்ட எரிபொருள் நெருக்கடி இவ்வினாவை எம் முன்னே நிறுத்தியது. எரிபொருள் நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசைகள் நீண்டன, பேருந்துகள் அருகின, நாடெங்கும் துவிச்சக்கரவண்டிக்குத் தேவை பெருக, விலையும் ஏறிற்று. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ள ஹட்டன், துவிச்சக்கரவண்டிக்கு இயல்பான நிலம் அன்று. ஏற்றமும் இறக்கமுமான தோட்டப் பாதைகளில் நடந்து பழகியவர்கள் எம் மக்கள். எனினும் அவ்வாண்டில் எங்கள் அயலிலும் மூலையிற் கிடந்த பழைய வண்டிகள் வெளியே எடுக்கப்பட்டன. அவற்றை ஓடவைக்கும் அறிவு எவரிடம் உள்ளது என்னும் கேள்வி அப்பொழுதுதான் எழுந்தது.

இன்று நாம் காணும் வண்டியின் அடிப்படை அமைப்பு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாகியது. 1885இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டாலி வெளியிட்ட ‘ரோவர்’ வண்டி, ஏறத்தாழ ஒத்த அளவுடைய இரு சில்லுகளையும், பின்சில்லைச் சுழற்றும் சங்கிலியையும் கொண்டிருந்தது. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக விளங்கிய ஜோன் பொய்ட் டன்லொப் காற்றடைத்த டயரை அறிமுகஞ்செய்தார். இந்த டயரின் வரலாற்றில் இலங்கைத் தமிழ்த் தொழிலாளருக்கும் ஓர் இடமுண்டு. 1876இல் ஹெனரத்கொடைத் தாவரவியற் பூங்காவில் நடப்பட்ட கன்றுகளோடு தொடங்கிய இறப்பர்ச் செய்கை, 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் டயர்களுக்கு எழுந்த தேவையினாற் பெரிதும் விரிவடைந்தது. அத்தோட்டங்களிற் பால் வெட்டியோருட் பெருந்தொகையினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழராவர். உலகின் சில்லுகளுக்கு இறப்பர் அளித்த கைகளுக்கு அச்சில்லைப் பழுதுபார்க்கும் நூல் எதுவும் அளிக்கப்படவில்லை.

கைந்நூலின் வரலாறோ ‘ரோவர்’ வண்டியிலும் சற்று மூத்தது. முன்சில்லு மிகப் பெரிதாயிருந்த உயர்ந்த வண்டிகளின் காலமாகிய 1870களின் பிற்பகுதியிலேயே, ஹென்றி ஸ்டேமி என்பவர் வண்டி வாங்குவோருக்கும் ஓட்டுவோருக்குமென ஒரு கைந்நூலை இங்கிலாந்தில் வெளியிட்டார். பின்னாளில், 1902இல் தோன்றிய ‘ஸ்டேமி ஆச்சர்’ என்னும் மூவேகப் பற்சில்லு அமைப்பின் பெயரிலும் இவரது பெயர் நிலைத்தது. அக்காலத்தில் வண்டி வாங்கியோர் நடுத்தர, உயர்தர வகுப்பினர்; பட்டறையிற் பழகாதவர்கள். கொல்லனின் மகன் தந்தையின் கையைப் பார்த்துக் கற்றதை அவர்கள் அச்சிட்ட பக்கத்தைப் பார்த்துக் கற்க வேண்டியிருந்தது. சுருங்கக்கூறின், ஆசான் இல்லாதவனுக்காக எழுதப்பட்டதே கைந்நூல். இவ்வுண்மை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஆங்கிலேயரின் வணிகத்தோடு வண்டி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது. நொட்டிங்ஹாமின் ராலி முதலிய நிறுவனங்களின் கனத்த இரும்பு வண்டிகளே நீண்டகாலம் மதிப்புப் பெற்றிருந்தன. இந்தியா விடுதலை பெற்றபின் 1949இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1951இல் சோனிபட்டில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ ஆகிய தொழிலகங்கள் தோன்றின. இலங்கையில் பாணந்துறையில் உற்பத்தியான லுமாலா வண்டிகள் பின்னர் பரவலாயின. மேலைநாடுகளில் வண்டி மாறிக்கொண்டே சென்றபோதும், இப்பிரதேசத்தில் 28 அங்குலச் சில்லும், கம்பியினால் இழுபடும் பிரேக்கும், காட்டர் பின்னால் இறுக்கிய பெடல் தண்டும் கொண்ட அப்பழைய அமைப்பே பல பத்தாண்டுகள் நிலைபெற்றது. மலிவு, உறுதி, எவ்வூரிலும் உதிரிப்பாகம் கிடைத்தல் என்பனவே இதற்குக் காரணங்களாகும்.

கைந்நூல்களோ வேறு திசையில் வளர்ந்தன. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவிற் பத்து வேக வண்டிகளுக்குப் பெருவரவேற்பு ஏற்பட்டது. வீட்டுக்காரர் தாமே பழுதுபார்ப்பதற்கென எளிய நடையிலும் நகைச்சுவையோடும் எழுதப்பட்ட டொம் கத்பேட்சனின் ‘எனிபொடீஸ் பைக் புக்’ 1971இலும், ரிச்சட் பலன்ரைனின் ‘ரிச்சட்ஸ் பைசிக்கிள் புக்’ 1972இலும் வெளிவந்தன. 1981இல் ஜொப்ஸ்ட் பிரான்ட் சில்லைப் பற்றி மட்டும் ஒரு தனிநூல் எழுதினார். 1996இல் லெனட் சின்னின் மலைவண்டிக் கைந்நூல் வந்தது. ஒவ்வொன்றும் தன் காலத்து வண்டியையே மனத்திற் கொண்டது. காலம் செல்லச் செல்ல நூல்களிற் கம்பி பிரேக் சுருங்கி மறைந்தது. தட்டுப் பிரேக் இடம்பிடித்தது. இதனை நூலாசிரியரின் குறையெனக் கூறுதல் பொருந்தாது. தம் முன் நின்ற வாசகருக்கே அவர்கள் எழுதினர். அவ்வாசகர் ஹட்டனில் இருக்கவில்லை.

இவ்விடைவெளியின் விளைவை யான் நேரில் அறிந்தேன். 2022இல் எங்கள் பாட்டனாரின் பழைய வண்டியைச் சீர்செய்ய முற்பட்டு, நடைபாதைக் கடையொன்றில் ஓர் ஆங்கிலக் கைந்நூலை வாங்கினேன். அழகிய வண்ணப் படங்கள் நிறைந்த நூல் அது. பெடல் தண்டைக் கழற்றும் முறையை அது விளக்கியது; ஆனால் காட்டர் பின்னைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. நூல் கூறாததைச் சுத்தியலாற் செய்து முடிக்கலாம் என நினைத்தேன். நட்டை முற்றாகக் கழற்றிவிட்டுப் பின்னை அடித்தேன். அதன் புரி நசுங்கி, பின் வளைந்து, உள்ளேயே இறுகிற்று. நகரில் வேலை செய்யும் முதிய பாஸ் ஒருவர் அதனைப் பார்த்துச் சிரித்தார். “நட்டை நுனியில விட்டுத்தான் தம்பி அடிக்கணும். கீழ கனமா ஒரு இரும்பைக் குடுத்து, ஒரே அடி. ரெண்டாவது அடி அடிக்கிறவன் தொழில் தெரியாதவன்” என்றார். நூலில் இல்லாத பக்கம் அவரது நாவில் இருந்தது. அவருக்குப் பின் அப்பக்கம் எங்கே இருக்கும் என்னும் எண்ணமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

மலையகத்தில் இத்தகைய அறிவு ஏன் எழுத்தில் வரவில்லை? 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கு நிருவாகத்தைப் பொறுப்பாக்கிய போதிலும், தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்டன. 1970களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே நிலை மெல்ல மாறிற்று. கைத்தொழில் கற்க விரும்பியவன் ஒரு பாஸிடம் எடுபிடியாகச் சேர்ந்து கண்ணாலும் கையாலும் கற்றான். அக்கல்வியை இகழ்தல் தகாது. 1990களிற் பொருளாதாரத் தடைக்குட்பட்ட யாழ்ப்பாணத்தில் துவிச்சக்கரவண்டியே வாழ்க்கையின் அச்சாணியாக விளங்கியமையும், மின்சாரமற்ற வீடுகளில் வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டமையும், நூலின்றியே தொழிலறிவு எத்துணை தூரம் செல்லும் என்பதற்குச் சான்றுகளாகும். ஆயினும், பாஸின் அறிவு அவரருகே நின்றவனுக்கே கிட்டும். சிறுவர் மட்டுமே நிற்கக்கூடிய பட்டறையிற் சிறுமியருக்கு அது கிட்டுவதில்லை. தொழிலாளி ஊரைவிட்டு நீங்கினாலோ, மறைந்தாலோ, அறிவும் உடன் மறைகிறது.

தொழிலறிவைத் தமிழில் எழுதல் இயலாது என்பாருக்கு வரலாறு விடை கூறியுள்ளது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களில் தமிழ்வழி மருத்துவக் கல்வியைத் தொடங்கி, ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களைத் தமிழிற் கொணர்ந்தார். சத்திரசிகிச்சை தமிழுக்குள் வந்ததெனின் சங்கிலியும் சில்லும் வாராவோ? ஹட்டனுக்கே உரிய முன்மாதிரியும் ஒன்றுண்டு. 1931இல் இந்நகரைத் தளமாகக்கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்து, 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான கோ. நடேசய்யர், சிறு நூல்களையும் துண்டுப் பிரசுரங்களையும் எழுதித் தொழிலாளரிடையே பரப்பினார். வெளியார் தோட்டத்துள் நுழையத் தடையிருந்த காலத்தில், சிறு நூல் மடியில் மறைந்து லயத்துக்குள் நுழைந்தது. பேச்சாளன் செல்லமுடியாத இடத்துக்கும் அச்செழுத்துச் செல்லும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். தமிழகத்திலும் 1990களின் தொடக்கத்திற் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளோட்டலையும் இணைத்தபோது, பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் வண்டியேறினர். எழுத்தும் சில்லும் சேருமிடத்துச் சமூகம் நகர்கிறது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இவ்வரலாற்றுப் பின்னணியில், கைந்நூல் தேர்வோர் கருத்திற்கொள்ளவேண்டியவை சிலவற்றைக் கூறலாம்.

முதலாவதாக, நூலைப் பார்ப்பதற்கு முன் தம் வண்டியைப் பார்த்தல் வேண்டும். பிரேக் கம்பியா, கேபிளா? பெடல் தண்டு காட்டர் பின்னால் இறுக்கப்பட்டதா? டயரின் பக்கத்திற் பொறிக்கப்பட்ட எண் யாது? ‘28 அங்குலம்’ எனப்படும் டயர்களுள் 635 மில்லிமீற்றர் விட்டமுடையதும் உண்டு. 622 உடையதும் உண்டு. ‘26 அங்குலம்’ என்பதிலும் 590, 559 என வேறுபாடுண்டு. பெயர் ஒன்றாயினும் ஒன்று மற்றொன்றின் ரிம்மிற் பொருந்தாது. இவ்வேறுபாட்டை விளக்காத நூல் வாசகரை வீண்செலவில் ஆழ்த்தும்.

இரண்டாவதாக, நூல் எம் நிலத்துக்கும் வானிலைக்கும் பொருந்துதல் வேண்டும். சமவெளியில் வாழ்பவருக்குக் காற்றுப்போன டியூப் முதற் பிரச்சினை. மலையில் வாழ்பவருக்கு பிரேக்கே முதற் பிரச்சினை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை எம் சரிவுகளை நனைக்கிறது. நனைந்த இரும்பு ரிம்மில் இறப்பர்க் கட்டையின் பிடி பெரிதும் தளர்ந்துவிடும். டிக்கோயா நோக்கி இறங்கும் பாதையில் இதனை அறியாதவன் உயிரையே பணயம் வைக்கிறான். எனவே பிரேக் கட்டையின் தேய்மானம், கம்பியைச் சீராக்கல், ஈரத்தில் முன்கூட்டியே பிரேக் பிடித்தல் ஆகியவற்றை விரித்துரைக்கும் நூலே எமக்குரியது.

மூன்றாவதாக, நூல் எத்தகைய கருவிகளை எதிர்பார்க்கிறது என்பது நோக்கற்பாலது. வண்டியைத் தூக்கி நிறுத்தும் தாங்கியும் விலையுயர்ந்த தனிக்கருவிகளும் இன்றி ஒரு பக்கமும் நகராத நூல் லயத்து வாசலிற் பயன்படாது. இரண்டொரு ஸ்பானர், திருகாணி முடுக்கி, டயர் நெம்பி, ஒட்டுத் துண்டு, சொலூஷன், எண்ணெய் என்பவற்றோடு தொடங்கும் நூலே புதியவருக்கு ஏற்றது.

நான்காவதாக, நூல் ‘எப்படி’ என்பதோடு ‘ஏன்’ என்பதையும் கூறுதல் வேண்டும். இதனைச் சோதிக்க மூன்று பக்கங்கள் போதும். டியூப் ஒட்டும் பக்கம், டயரின் உட்புறத்தைத் தடவி முள்ளைக் கண்டெடுக்கும்படி கூறுகிறதா? பெடல் பற்றிய பக்கம், இடப்பெடலின் புரி எதிர்த்திசையில் அமைந்தது என எச்சரித்து, மிதிக்கும்போது அது தானாகக் கழன்றுவிடாதிருத்தற்கே அவ்வாறு அமைந்தது எனக் காரணமும் காட்டுகிறதா? காட்டர் பின்னுக்கு ஒரு பக்கமேனும் உண்டா? அத்தோடு, வெடித்த சட்டத்தையும் வளைந்த முன் கவட்டையும் தொடாது தொழிலாளியிடம் ஒப்படைக்குமாறு கூறும் நூல் நேர்மையான நூலாகும். தன் எல்லையை அறிந்த ஆசானே நல்லாசான்.

இறுதியாக, மொழி. எளிதிற் கிடைக்கும் கைந்நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. 1950களின் பின் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டு உயர்கல்விக்குத் தமிழ் வழியமைத்தது, அப்பணி பாராட்டுக்குரியது. ஆயின் பட்டறைக்குத் தனிச் சொல்வளம் ஒன்று ஏற்கெனவே உண்டு. கோன், குண்டு, ரிம், செயின், டியூப் என்பன பாஸின் தமிழ். அவற்றை விலக்கிப் புதுச்சொல் புனையும் நூல், கடையில் உதிரிப்பாகம் கேட்கச் செல்பவனை ஊமையாக்கிவிடும். பட்டறைச் சொல்லை ஏற்று, தெளிந்த தமிழ் வாக்கியத்தில் அமைத்தலே தக்க நெறி எனலாம்.

அத்தகைய நூல் கையிற் கிடைக்காவிடின் யாது செய்வது? தேர்ந்தெடுத்தலின் அடுத்த படி எழுதுதலே ஆகும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும், தம் ஊர் பாஸின் அருகே சில மாலைப்பொழுதுகள் அமர்ந்து, அவர் கை செய்வதையும் வாய் சொல்வதையும் ஏட்டிற் பதிந்துவரலாம். பேச்சு வழக்கிலிருந்த பாடல்களையும் கதைகளையும் தொகுத்தலை ஆய்வு என ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகம், தொழிலறிவைத் தொகுத்தலையும் ஆய்வாகவே ஏற்றல் வேண்டும். அன்று யான் வளைத்த காட்டர் பின் இன்றும் என் மேசையில் இருக்கிறது. நூலைத் தேடுமுன் வண்டியைப் பார்க்கவேண்டும் என்பதையும், நூலில் இல்லாததை அறிந்தவரிடம் கேட்டு எழுதிவைக்கவேண்டும் என்பதையும் அது எனக்கு நாள்தோறும் நினைவூட்டுகிறது.