புறப்படுமுன் ஒரு கேள்வி



தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய ஊர்களில் வாழ்வோருக்கு ஆகாய விமானத்தின் ஒலி புதியதன்று. மீனம்பாக்கத்தில் பிரயாணிகள் விமான நிலையம், அதற்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் தாம்பரத்து விமானப்படைத் தளம், அருகே பரங்கிமலை. மீனம்பாக்கத்தின் இரு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. இத்தகைய இடத்தில் ஒரு விமானம் மனம்போன போக்கில் எழும்பித் திரும்ப இயலுமா? எந்த வழி, எவ்வளவு உயரம், எப்பக்கம் திரும்புவது என்பனவற்றை முன்னரே வகுத்து வைத்துள்ளனர். அதுவே புறப்பாட்டு முறை.

1932-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அத்தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொணர்ந்தார். வானொலித் துணையற்ற அந்நாளில் விமானிக்குத் தன் கண்ணே வழிகாட்டி. இன்றைய விமானிக்கோ செய்திகள் பல. வரைபடம் ஒன்று கூறும்; விமானக் கணிப்பொறி ஒன்று காட்டும்; கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரல் ஒன்று சொல்லும். அவை முரண்பட்டால் என்ன செய்வது?

இக்கேள்வியின் கனத்தை உலகம் உணர்ந்த நாள் 1977 மார்ச் 27. ஸ்பெயின் நாட்டுக்குரிய தெனெரீஃப் தீவில், மூடுபனியிடையே, கே.எல்.எம். நிறுவனத்தின் டச்சு விமானம் ஓடுபாதை முனையில் நின்றது. பான் ஆம் நிறுவனத்தின் அமெரிக்க விமானம் அதே பாதையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கோபுரத்து அலுவலர் டச்சு விமானத்துக்குக் கூறியது, எழும்பியபின் செல்லவேண்டிய வழியை மட்டுமே. எழும்ப அனுமதி தரவில்லை. ஆனால் துணை விமானி அவ்வழியைத் திருப்பிச் சொல்லி முடிக்குமுன்பே, தலைமை விமானி விமானத்தைச் செலுத்திவிட்டார். பொறுத்திருக்குமாறு கோபுரம் கூறியதும், தாங்கள் இன்னும் பாதையில் இருப்பதாக அமெரிக்க விமானிகள் அறிவித்ததும் ஒரே நொடியில் மோதி, இரைச்சலாயின. ஆயினும் டச்சு விமானத்தின் பொறியாளர் காதில் ஏதோ விழுந்தது. அந்த அமெரிக்க விமானம் விலகவில்லையா என்று வினவினார். தலைமை விமானியோ அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற பயிற்றுநர். விலகிவிட்டது என்று உறுதியாகச் சொன்னார். கேள்வி அத்துடன் அடங்கியது. சில நொடிகளில் 583 உயிர்கள் மாண்டன.

அதன்பின் விதிகள் திருந்தின. ‘டேக் ஆஃப்’ என்னும் சொல்லை அதற்கான அனுமதியை வழங்கும்போதும் விலக்கும்போதும் மட்டுமே கூறலாம். பிற இடங்களில் ‘புறப்பாடு’ என்றே சொல்லவேண்டும். வெறும் ‘சரி’ போதாது. ஆணையைத் திருப்பிச் சொல்லவேண்டும். ஐயம் தோன்றினால் இளையவரும் வாய்திறந்து கேட்கவேண்டும், மூத்தவர் செவிசாய்க்கவேண்டும், ஐயம் தீருமட்டும் விமானம் நகரலாகாது.

ஆசிரியனாகிய எனக்கு இதன் பொருள் நன்கு விளங்குகிறது. ‘புரிந்ததா?’ என்று கேட்டால் வகுப்பில் எல்லாத் தலைகளும் அசையும். ‘நான் சொன்னதைத் திருப்பிச் சொல்’ என்றால்தான் உண்மை வெளிப்படும். ஐயத்தைக் கேட்கும் மாணவனால் பாடம் சற்றே தாமதமாகும். ஆனால் அவனால் வகுப்பு முழுவதும் தெளிவடையும்.

நாளை நீங்கள் மீனம்பாக்கத்தில் விமானமேறும்போது, அது ஓடுபாதை முனையில் சற்றே தயங்கி நிற்கலாம். காரணங்கள் பல இருக்கலாம். ஒருவேளை முன்னே அமர்ந்த இளைய விமானி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். தாமதம் என்று முணுமுணுக்காதீர்கள்.