வாசல்ல சொருகின வேப்பிலை

பங்குனி, சித்திரை வெயில் ஏறிட்டா எங்க ஊர்ல ஏதாவது ஒரு வீட்டு வாசல்ல வேப்பிலை சொருகியிருக்கும். பட்டணத்துல இருந்து வர்றவங்க "என்ன விசேஷம்?"னு கேப்பாங்க. விசேஷம் ஒண்ணும் இல்லீங்க. உள்ள யாருக்கோ அம்மை போட்டிருக்கு, வராதீங்கன்னு அர்த்தம். போன வாரம் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் பழைய கதையெல்லாம் ஞாபகம் வந்துடுச்சு.

எங்க அப்பத்தா முகம் பூராவும் குழி குழியா தழும்பு இருக்கும். பெரியம்மை வந்து பிழைச்சவங்க. கூடப் பிறந்த ரெண்டு பேரை அதே அம்மையில பறிகொடுத்தவங்க. பெரியம்மை வந்தா பத்துக்கு மூணு பேர் செத்துப் போவாங்க, பிழைச்சவங்கள்ல சிலருக்குக் கண்ணு போயிடும். வந்த பிறகு குணமாக்க அப்ப மருந்தே கிடையாது. அதனாலதான் நோய்னு சொல்லவே பயந்து, "ஆத்தா வந்திருக்கா", "முத்து போட்டிருக்கா"ன்னு சொன்னாங்க. தாளிக்கக்கூடாது, வெளியாள் வரக்கூடாது, பிள்ளையைத் தனியா வாழை இலையிலயோ வேப்பிலையிலயோ படுக்க வைக்கணும், இளநீரும் கூழும் கொடுக்கணும். இந்த முறையெல்லாம் அந்தப் பயத்துல பிறந்தது.

1796-ல இங்கிலாந்துல எட்வர்ட் ஜென்னர் மாட்டுக்கு வர்ற அம்மையை வச்சே பெரியம்மைக்குத் தடுப்பு கண்டுபிடிச்சார். மாடு வச்சிருக்கிறவன்ங்கிற முறையில எனக்கு அதுல ஒரு பெருமை உண்டு. 1802 ஜூன்ல பம்பாய்ல ஒரு மூணு வயசுப் பெண் குழந்தைக்கு அதைப் போட்டாங்க. நம்ம நாட்டுல அதுதான் முதல். ஆனா ஊருக்கு ஊர் ஜனங்க நம்பல. அம்மை குத்துறவர் வர்றார்னு தெரிஞ்சா பிள்ளைகளைக் குதிருக்குப் பின்னால ஒளிச்சு வைப்பாங்களாம். அப்பத்தா அப்படிச் செய்யல. தன் முகத்தைக் காட்டி, "இது வேணுமா, ஊசி வேணுமா?"ன்னு கேட்டு எல்லாரையும் வரிசையில நிறுத்துனாங்களாம். என் கையிலயும் அந்தத் தழும்பு இருக்கு.

கடைசிக் காலத்துல ஒழிச்ச விதம் இன்னும் ஆச்சரியம். எங்க அம்மை இருக்கோ அந்த வீட்டு வாசல்ல காவல் போட்டு, சுத்தி இருக்கிற எல்லாருக்கும் தடுப்பு குத்துனாங்க. யோசிச்சுப் பாருங்க, நம்ம வேப்பிலை செஞ்ச காவலும் அதுதானே! 1975 மே மாசத்தோட இந்தியாவுல பெரியம்மை நின்னுச்சு. 1980-ல உலகத்துலயே இல்லைன்னு அறிவிச்சாங்க.

பெரியம்மை போயிடுச்சு. அதுக்காக வச்ச முறையெல்லாம் சின்னம்மைக்கு வந்து சேர்ந்துடுச்சு. ரெண்டும் வேற வேற கிருமி. சின்னம்மை பெரும்பாலும் தானா ஆறிடும். அந்த "பெரும்பாலும்"ங்கிற வார்த்தையிலதான் நான் தடுக்கி விழுந்தேன்.

என் மகனுக்கு ஆறு வயசுல சின்னம்மை போட்டுச்சு. நாலாம் நாள் காய்ச்சல் விட்டுடுச்சு. அஞ்சாம் நாள் திரும்ப ஏறுச்சு. கால்ல ஒரு கொப்புளம் சிவந்து வீங்கி சீழ் வச்சுருச்சு. "ஆத்தா இருக்கிற வீடுடா, ஊசி போட்டா கோவிச்சுக்குவா"ன்னு அம்மா சொல்லிட்டாங்க. நானும் ரெண்டு நாள் வாயைத் திறக்கல. மூணாம் நாள் அவனால காலை ஊன முடியல. தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மத்தவங்களுக்குத் தொத்தக் கூடாதுன்னு எங்களை வெளிய மரத்தடியில உக்கார வச்சாங்க. டாக்டர் வந்து பார்த்துட்டு, "சொறிஞ்ச புண்ணுல கிருமி ஏறியிருக்கு. காய்ச்சல் திரும்பின அன்னைக்கே வந்திருக்கணும்"னார். பிள்ளை பிழைச்சுக்கிட்டான். தழும்பு இன்னும் இருக்கு. அம்மாவும் பின்னாலேயே வந்திருந்தாங்க, கையில ஒரு கொத்து வேப்பிலையோட. டாக்டர் அதைத் தூக்கிப் போடச் சொல்லல. "அது பாட்டுக்கு இருக்கட்டும், மாத்திரையும் உள்ள போகட்டும்"னார்.

அதுல இருந்து எங்க வீட்டு முறை இதுதான். வேப்பிலை சொருகுவோம், கொப்புளம் எல்லாம் காய்ஞ்சு பொருக்கு தட்டுற வரைக்கும் பள்ளிக்கூடம் அனுப்ப மாட்டோம். நகத்தை ஒட்ட வெட்டுவோம். வெதுவெதுப்பான தண்ணியில குளிப்பாட்டுவோம். இளநீர், மோர், கூழ் நிறைய. காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவுல பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. மூச்சு வாங்குனாலோ, ஓயாம வாந்தி எடுத்தாலோ, மயக்கமா கிடந்தாலோ, புண்ணு சிவந்து வீங்குனாலோ, காய்ச்சல் திரும்பி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. கர்ப்பிணிங்க, கைக்குழந்தைங்க பக்கத்துலயே போகக்கூடாது. இப்ப சின்னம்மைக்கும் தடுப்பூசி இருக்கு. ஜப்பான்ல மிச்சியாக்கி தகாஹாஷின்னு ஒரு டாக்டர், தன் மகன் இந்த அம்மையில பட்ட பாட்டைப் பார்த்துட்டுத்தான் 1974-ல அதைக் கண்டுபிடிச்சார்.

நேத்து சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரம்மா வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து, "அண்ணே, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாமா, ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளா?"ன்னு கேட்டுச்சு. எங்க அப்பத்தா இருந்தா என்ன சொல்லியிருக்குமோ அதையே சொன்னேன்: "பிள்ளை நல்லா இருந்தா ஆத்தா ஏம்மா கோவிச்சுக்கப் போறா? காலையில கிளம்பு, நானும் கூட வர்றேன்."