பழைய டிவிஆரும் ஆக்டிவ்எக்ஸ் பூதமும்

பத்து வருஷத்துக்கு முன்னாடி கடையில மாட்டின கேமரா பெட்டி இன்னும் சமத்தா பதிவு பண்ணிட்டுதான் இருக்கும். திருட்டு போன அன்னிக்கு ப்ரவுசர்ல அதோட ஐபி முகவரியை அடிச்சா, வெள்ளையா ஒரு பக்கம். பெட்டி கெட்டுப்போகல மக்களே, பார்க்கிற ஜன்னலைத்தான் மூடிட்டாங்க.

கதை 1996ல ஆரம்பிக்குது, மைக்ரோசாஃப்ட் ஆக்டிவ்எக்ஸைக் கொண்டுவந்த வருஷம். ப்ரவுசருக்குத் தானா வீடியோ காட்டத் தெரியாத காலம். ஒரு குட்டி நிரலை இறக்கி உங்க கம்ப்யூட்டர்லயே ஓடவிட்டா படம் வரும். டிவிஆர் செய்யறவங்களுக்கு ரொம்ப வசதி. ஆனா அந்த நிரல் உங்க மெஷின்ல கிட்டத்தட்ட என்ன வேணா செய்யலாம் (வாட்ச்மேன்கிட்ட பீரோ சாவியையும் கொடுத்த மாதிரி!). 2015ல வந்த எட்ஜ் இதைச் சேர்த்துக்கவே இல்லை. குரோமும் அதே வருஷம் தன்னோட பழைய ப்ளகின் வழியை அடைச்சுது. 2022 ஜூன்ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கும் மங்களம் பாடியாச்சு.

எட்ஜ் செட்டிங்ஸ்ல 'ஐஇ மோட்'னு ஒண்ணு இருக்கு, 2029 வரைக்குமாவது இருக்கும்னு மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கு. அதுல பல பெட்டிகள் திறந்துடும். அதுக்கும் முன்னாடி, பெட்டியிலயே மானிட்டரும் மவுஸும் செருகி, வேண்டியதை பென்டிரைவ்ல எடுத்துடுங்க. டிஸ்க் நிறைஞ்சா பழசை அழிச்சுட்டு அது மேலேயே எழுதற ரகம் இது.

வெளியூர்லேர்ந்து பார்க்கணும்னு ரவுட்டர்ல போர்ட் மட்டும் திறந்துடாதீங்க. 2016ல மிராய்ங்கற புழு இந்த மாதிரி டிவிஆர், கேமராக்களைத்தான் தேடிப் பிடிச்சுது. அது கையில இருந்த ஆயுதம், கம்பெனி வச்ச 60 சொச்சம் யூசர்நேம்-பாஸ்வேர்டு ஜோடிகள், அவ்வளவே. அக்டோபர் 21 அன்னிக்கு டைன் நிறுவனத்தை அடிச்சதுல ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் தடுமாறிச்சு. இதுல சில பெட்டிகள்ல டெல்நெட் பாஸ்வேர்டை வாங்கினவர் மாத்தவே வழி கிடையாது.