பொம்மையின் ஞாபகம்

சென்ற நவராத்திரியில் என் தங்கை வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தேன். தசாவதார வரிசை முடிகிற இடத்தில், ஊதா நிறத்தில் ஒரு குட்டி டிராகன் இறக்கையை விரித்து நின்றுகொண்டிருந்தது.

"இது எந்த அவதாரமடா?" என்று மருமானைக் கேட்டேன். கல்லூரியில் படிக்கிற பிள்ளை.

"பதினோராவது, மாமா" என்று சிரித்தான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "சின்ன வயசில் நான் வைத்த பெயர் அதற்கு இன்னும் ஞாபகம் இருக்கும்" என்றான்.

விளையாட்டுப் பேச்சென்று நினைக்க வேண்டாம். அது உண்மை. தகப்பனாருக்கு அமெரிக்காவில் வேலை இருந்த காலத்தில் வாங்கிய பொம்மை அது.

கலிபோர்னியாவில் நோவாட்டோ என்ற ஊரில் 'டாய்ஸ் பார் பாப்' என்றொரு ஸ்தாபனம் இருந்தது. பால் ரைஷி, பிரெட் போர்டு என்ற இருவர் 1989-ல் தொடங்கியது. 2005-ல் ஆக்டிவிஷன் என்ற பெரிய கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. 2008-ல் ஆக்டிவிஷன் இன்னொரு கம்பெனியுடன் இணைந்தபோது ஸ்பைரோ என்ற இந்த டிராகனும் சீதனம்போல வந்து சேர்ந்தது. அதற்குப் புது வாழ்வு தரும் வேலை நோவாட்டோக்காரர்களுக்கு வந்தது.

அங்கே ஐ-வே ஹுவாங் என்ற சித்திரக்காரர் இருந்தார். ஓய்வு நேரத்தில் நீராவியால் நடக்கும் குட்டி இயந்திர மனிதர்களைச் செய்வது அவருக்குப் பொழுதுபோக்கு. ராபர்ட் லேலண்ட் என்ற இன்ஜினீயருக்கு மின்னணுச் சாமான்களைக் குடைவதில் பித்து. இருவருடைய பித்தும் ஆபீஸ் வேலைக்கு உதவிற்று. பொம்மையைப் பீடத்தின் மேல் வைத்தால் அது திரையில் உயிர்பெற்று ஓட வேண்டும் என்பதே யோசனை.

பொம்மையின் அடியில் ஒரு சில்லு. அதற்குப் பாட்டரி கிடையாது. பீடத்திலிருந்து வரும் ரேடியோ அலையே அதை எழுப்பிவிடும். சில்லின் கொள்ளளவு 1 கிலோபைட். ஒரு கார்டில் நுணுக்கி எழுதக்கூடிய அளவு. குழந்தை வைத்த பெயர், சேர்த்த பொற்காசு, கற்ற வித்தை எல்லாம் அதற்குள் அடக்கம். ஞாபகத்தை இயந்திரத்தில் வைக்காமல் பொம்மைக்குள் வைத்ததுதான் பெரிய யுக்தி. சிநேகிதன் வீட்டில் வேறு கம்பெனி இயந்திரம் இருந்தாலும், பொம்மையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால் போதும்.

2011 அக்டோபரில் 'ஸ்கைலேண்டர்ஸ்' கடைக்கு வந்தது. பெட்டி ஏறக்குறைய 70 டாலர். உள்ளே மூன்று பொம்மைகள். மூன்றே போதும், கதையை முடித்துவிடலாம். ஆனால் வழியெங்கும் பூட்டிய வாசல்கள். நெருப்பு, நீர், காற்று என்று எட்டு இனங்கள். அந்தந்த இனத்துப் பொம்மைக்குத்தான் அந்தந்த வாசல் திறக்கும். கையில் இருப்பதோ மூன்று இனம். பாக்கி ஐந்துக்கும் தலைக்கு 8 டாலர். மொத்தம் 32 பொம்மைகள்! கதை எழுதுகிறவன் என்ற முறையில் இதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. வாசகனைக் கதவு வரை அழைத்துப் போய்ச் சாவிக்குக் காசு கேட்பதா?

காசு கொட்டியது. 2013-ல் டிஸ்னியும், 2014-ல் நின்டெண்டோவும், 2015-ல் லெகோவும் கடை விரித்தன. ஆண்டுதோறும் புது ஆட்டம், புதுப் பொம்மை, சில சமயம் புதுப் பீடம். பெற்றோரின் பை சலித்தது; அலமாரியிலும் இடமில்லை. 2016 மே 10-ம் தேதி டிஸ்னி கடையைக் கட்டியது. நஷ்டக் கணக்கு 147 மில்லியன் டாலர். மறு வருஷம் லெகோவும் நிறுத்திற்று. ஸ்கைலேண்டர்ஸ் வரிசையின் பெரிய ஆட்டங்களும் 2016-உடன் நின்றன.

ஆனாலும் ஒரு நேர்மையைச் சொல்ல வேண்டும். 2011-ல் வாங்கிய பொம்மை 2016-ல் வந்த ஆட்டத்திலும் வேலை செய்தது. குழந்தையின் உழைப்பை அவர்கள் அழிக்கவில்லை.

விஜயதசமிக்கு மறுநாள் தங்கை பொம்மைகளையெல்லாம் பழைய வேஷ்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். மருமான் டிராகனை மட்டும் எடுத்துத் தன் மேஜைக்குக் கொண்டுபோனான்.

"பீடம் எங்கேயோ பரணில் இருக்கிறது, மாமா. தேடவேண்டும்" என்றான்.