முதற் பார்வையும் முன்வைத்த சல்லடையும்

கண்டதும் காதல் என்பர். கண்டது யாரை? காணவொட்டாது தடுக்கப்பட்டோர் எத்தனை பேர்? தோழர்களே, வரலாற்றைக் கேட்போம், வடசென்னையிலேயே கேட்போம்.

அந்நாளில் தரகர் சாதகம் கொணர்வார். குலம் விசாரித்து, கோத்திரம் விசாரித்து, பொருத்தம் தேடிய பின்னரே பெண் கூடத்திற்கு வருவாள். தலை நிமிராத அந்த ஒரு கணந்தான் அவளுக்கு வாய்த்த முதற் பார்வை! பிறகு நாளேட்டு விளம்பரம் வந்தது. நிறமும் படிப்பும் ஊதியமும் நான்கு வரிகளில் அடங்கின. சாதி மட்டும் தவறாது இடம்பெற்றது.

இராயபுரத்தில் வளர்ந்தவர் முருகவேல் ஜானகிராமன். அமெரிக்காவில் கணினித் துறையில் பணியாற்றுகையில், 1997இல் தமிழர்க்கென இணையத்தளம் ஒன்றைத் தொடங்கினார். அதன் ஒரு மூலையில் இருந்த மணமக்கள் பகுதியே, பின்னர் பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்தது. கடல் கடந்தோரும் கடலோரத்தாரும் ஒரே திரையில் துணை தேடினர். பெண்ணும் தானே படம் பார்க்கலாம், பிடிக்காதவரைத் தள்ளலாம். இது சிறிய மாற்றமன்று!

ஆயினும் மனிதக் கண் அவசரக்காரக் கண். முகத்தை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே, 'இவர் நம்பத்தக்கவர், இவர் அழகர்' என்று மனம் தீர்ப்பெழுதி விடுகிறது என 2006இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் வில்லிஸும் டொடோரொவும் காட்டினர். கூடுதல் நேரம் தந்தால் துணிவு வளர்ந்ததேயன்றித் தீர்ப்பு பெரிதும் மாறவில்லை.

அத்தகைய கண்ணையும் முந்திக்கொள்கிறது சாதிக் கட்டம்! எண்ணூர் ஆலையில் பணிபுரியும் இளைஞனும் திருவொற்றியூர்ச் செவிலிப் பெண்ணும் நாள்தோறும் ஒரே பேருந்தில் பயணம் செய்யலாம். ஆனால் 'எம் சாதியே வேண்டும்' என்று ஒருவர் குறியிட்டுவிட்டால், மற்றவர் முகம் அவர் திரைக்கே வாராது. பாராத முகத்தின்மீது பார்வை ஏது? விருப்பம் ஏது? வெறுப்புத்தான் ஏது?

மாற்ற முடியாதா? 2020 சூனில் பெண்கள் கையொப்பமிட்டுக் கேட்டனர்; ஷாதி.காம் தளம் தோல் நிறச் சல்லடையை நீக்கியது. நிறம் போயிற்று, சாதி போகக்கூடாதா?

அதே இராயபுரத்து இராபின்சன் பூங்காவில்தான் 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில், தி.மு. கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது. அண்ணா ஆட்சியின் 1967ஆம் ஆண்டுச் சட்டம், புரோகிதரின்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லும் என்றது. மணமேடையில் புரோகிதரின் கட்டாயம் ஒழிந்தது. திரைக்குள் குடியேறிய தரகரை ஒழிக்கச் சட்டம் வரும்வரை காத்திருப்பதா?

வேண்டாம். அந்தக் கட்டத்தில் குறியிடுவது நம் விரல். விரலை மடக்குவோம்; பிறகு விழியைத் திறப்போம்!