கேமரா நிறுவனங்களின் ரா மாற்று மென்பொருள்கள்

ரா மாற்று மென்பொருள் என்பது டிஜிட்டல் கேமராவின் சென்சார் பதிந்துவைத்த அளவுகளைப் பார்க்கத்தக்க படமாக்கித் தரும் கணினி நிரல். அடோபி லைட்ரூம், கேப்சர் ஒன், டார்க்டேபிள் போன்றவை பல நிறுவனங்களின் கேமராக்களுக்கும் பொதுவானவை. கேமராவைத் தயாரித்த நிறுவனமே தன் கேமராக்களுக்கென்று வழங்கும் நிரல்கள் தனி வகை. கேனனின் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல், நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனியின் இமேஜிங் எட்ஜ், ஃபியூஜிஃபில்மின் எக்ஸ் ரா ஸ்டுடியோ, ஒலிம்பஸின் வழிவந்த ஓஎம் வொர்க்ஸ்பேஸ், சிக்மா ஃபோட்டோ புரோ ஆகியவை இவ்வகையில் முக்கியமானவை. இவை பெரும்பாலும் இலவசமாகக் கிடைப்பதாலேயே, கேமரா வாங்கினால் கூடவே வரும் உபரிப் பொருள் என்று ஒதுக்கப்படுகின்றன. அந்த மதிப்பீடு தவறு. ரா கோப்பு எவ்வாறு உருவாகிறது என்பதைப் பார்த்தால், இந்த மென்பொருள் கேமராவின் வேலையில் பாதியைச் செய்கிறது என்பதும், ஒரு கோப்பை அதைத் தயாரித்தவர் எப்படி வாசிக்கிறார் என்பதற்கு இதுவே அளவுகோல் என்பதும் விளங்கும். அந்த இடத்தை இதற்குக் கொடுத்தால், கோப்பின் அமைப்பை ஒளிக்காமல் வெளியிடும் பொறுப்பும் தயாரிப்பாளரைச் சேரும்.

ரா கோப்பில் இருப்பது

சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் விழுந்த ஒளியின் அளவை மட்டுமே அறியும், நிறத்தை அறியாது. அதனால் புள்ளிகளின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் பொருத்தப்படுகின்றன. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயருக்கு 1976-இல் காப்புரிமை கிடைத்த அடுக்குமுறையில் பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, மீதிக்கு நீலம். இன்றைய கேமராக்களில் பெரும்பாலானவை இதையே பின்பற்றுகின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட இரு நிறங்களை அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணித்து நிரப்பினால்தான் வண்ணப் படம் உருவாகும். அதன்பின் ஒயிட் பேலன்ஸ், மாறுபாடு, நிறச்செறிவு, கூர்மை, நாய்ஸ் குறைப்பு என்று ஒவ்வொன்றையும் முடிவு செய்ய வேண்டும். ஜேபெக் எடுத்தால் இந்த வேலை முழுவதையும் கேமராவுக்குள் இருக்கும் செயலியே உடனுக்குடன் முடித்து, நிறம் ஒன்றுக்கு 256 படிநிலைகளாகச் சுருக்கிவிடும். ரா எடுத்தால் சென்சார் தந்த 12 அல்லது 14 பிட் அளவுகள் காக்கப்படும். 14 பிட்டில் 16,384 படிநிலைகள் உண்டு. முடிவுகள் எல்லாம் பின்னால் கணினியில் எடுக்கப்படும். எனவே ஒரு ரா கோப்புக்குள் முடிவான படம் என்று ஒன்று கிடையாது. எந்த நிரல் வாசிக்கிறதோ அந்த நிரலின் கணக்குப்படி ஒரு படம் பிறக்கிறது.

இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். நிக்கானின் என்இஎஃப் கோப்பு ஒன்றைப் பொது நிரலில் திறந்தால், பல நேரம் முதலில் தெரிவது கேமரா தானே செய்து கோப்புக்குள் பொதிந்துவைத்த சிறிய ஜேபெக் படம். ஓரிரு கணங்களில் நிரல் தன் கணக்கை முடித்ததும் அந்தப் படம் மாறும்: தோல் நிறத்தின் சாயல் வேறாகும், நிழல்கள் இறுகும் அல்லது வெளுக்கும். நிக்கானின் பிக்சர் கன்ட்ரோல், கேனனின் பிக்சர் ஸ்டைல் போன்ற தேர்வுகள் கோப்பில் தயாரிப்பாளருக்கான குறிப்புகளாகவே எழுதப்படுகின்றன. பொது நிரல் அவற்றை விட்டுவிட்டுத் தன் சொந்த வண்ண அட்டவணையைப் பயன்படுத்துவதே வழக்கம். தயாரிப்பாளரின் நிரலில் இந்த மாற்றம் நேர்வதில்லை, நேர்ந்தாலும் மிகச் சிறிது. எடுத்தவர் கேமராவின் திரையில் பார்த்துச் சரியென்று ஏற்ற படமே கணினியிலும் வருகிறது. திருத்தம் அங்கிருந்து தொடங்குகிறது.

தயாரிப்பாளரிடம் மட்டும் உள்ள தகவல்கள்

வண்ணத்தோடு இது நிற்பதில்லை. கேனன் 2012-இல் தன் மென்பொருளில் சேர்த்த டிஜிட்டல் லென்ஸ் ஆப்டிமைசர், லென்ஸின் வடிவமைப்புத் தரவுகளைக் கொண்டு வேலை செய்கிறது. குறிப்பிட்ட லென்ஸ், குறிப்பிட்ட துளை அளவு, குறிப்பிட்ட தூரம் ஆகியவற்றில் ஒளி எவ்வளவு சிதறும் என்பதைக் கணித்து, சிறு துளையில் நேரும் விளிம்பு மழுங்கலையும் ஓரங்களில் தோன்றும் நிறக் கசிவையும் அது குறைக்கிறது. வெளியார் ஒரு லென்ஸை வாங்கிச் சோதித்து இதற்கு நெருங்கி வரலாம். வடிவமைத்தவரின் கணக்கேடு அவர்களிடம் இருக்காது. சென்சாரில் படிந்த தூசியைக் கேமரா ஒரு வெள்ளைப் பரப்பில் பதிவு செய்து, அந்த இடங்களின் பட்டியலைப் படத்தோடு இணைத்து அனுப்பினால், தூசிப் புள்ளிகளை அழிக்கும் வசதியும் கேனன் நிரலில் உண்டு.

சென்சாரை மிக நுண்ணிய அளவில் நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்கும் முறையில் இந்தச் சார்பு இன்னும் தெளிவாகத் தெரியும். சோனி 2017-இல் வெளியிட்ட ஆல்ஃபா 7ஆர் III கேமரா நான்கு ரா கோப்புகளை எழுதித் தருவதோடு சரி. அவற்றை ஒரே படமாக்கும் பொறுப்பை நிறுவனம் தன் கணினி நிரலிடம் ஒப்படைத்தது. ஃபியூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 100 கேமராவும் 16 படங்களை எடுத்துக் கொடுக்கிறது. அவற்றை 40 கோடிப் புள்ளிகள் கொண்ட ஒரே கோப்பாக்க பிக்சல் ஷிஃப்ட் கம்பைனர் என்ற தனி நிரல் இருக்கிறது. விளம்பரத்தில் கேமராவின் திறனாகச் சொல்லப்படும் ஒன்று, உண்மையில் கேமராவும் கணினி நிரலும் சேர்ந்து செய்யும் வேலையாக இருக்கிறது.

இந்த உறவை ஒளிவுமறைவின்றிக் காட்டும் நிரல் எக்ஸ் ரா ஸ்டுடியோ. கேமராவை யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்தால்தான் அது படத்தை மாற்றித் தரும். கணினி ரா கோப்பைக் கேமராவுக்கு அனுப்பும். கேமராவுக்குள் இருக்கும் செயலியே படத்தை உருவாக்கித் திருப்பி அனுப்பும். கோப்பை எடுத்த அதே மாடல் கேமரா இணைக்கப்பட்டிருக்க வேண்டும். வேறு மாடலை இணைத்தால் வேலை நடக்காது. வெல்வியா, கிளாசிக் குரோம், ஆக்ரோஸ் முதலிய ஃபிலிம் சாயல்கள் ஜேபெக்கில் எப்படி வருமோ அப்படியே வருவதற்குக் காரணம், இரண்டையும் செய்வது ஒரே செயலி என்பதே.

மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு தரமும் வேகமும் பற்றியது. இந்த நிரல்கள் மெதுவானவை, முகப்பு பழையது, ஆயிரக்கணக்கான படங்களை அடுக்கித் தேடும் வசதி குறைவு, படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தும் கருவிகள் போதாது என்று தொழில்முறைக் கலைஞர்கள் சொல்கிறார்கள். இந்தக் குறை பெரும்பாலும் நியாயமானது. திருமணப் படங்களைக் குவியலாகக் கையாள்பவர் பொது நிரலைத் தேர்வதில் தவறே இல்லை. ஆனால் அன்றாட வேலைக்கு எது வசதி என்பது ஒரு கேள்வி. கோப்பின் பொருள் என்ன என்பதை எதை வைத்துச் சரிபார்ப்பது என்பது வேறு கேள்வி. வேகத்தில் தோற்ற நிரலும் இரண்டாவது கேள்விக்கு விடையாக இருக்க முடியும். பொது நிரல்களே கேமராவின் வண்ணத்தை ஒத்த அட்டவணைகளைத் தனியே தயாரித்து வழங்குவது, தயாரிப்பாளரின் வாசிப்பை அவையும் அளவுகோலாக ஏற்பதற்குச் சான்று.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. பல நிறுவனங்களின் நிரல்கள் அவை சொந்தமாக எழுதியவை அல்ல. பானசோனிக் கேமராக்களோடு தரப்பட்டது ஜப்பானின் இச்சிகாவா சாஃப்ட் லேபரட்டரி உருவாக்கிய சில்க்கிபிக்ஸின் ஒரு பதிப்பு. பென்டாக்ஸின் நிரலும் ஃபியூஜிஃபில்மின் ரா ஃபைல் கன்வெர்ட்டரும் அதே அடித்தளத்தில் எழுந்தவை. வெளியார் எழுதிய நிரலைத் தயாரிப்பாளரின் குரல் என்று எப்படி ஏற்பது? அளவுகோல் என்ற தகுதி பெயர்ப்பலகையால் வந்துவிடாது என்பதே விடை. கேமராவின் சொந்தக் கணக்கை நிரல் எவ்வளவு பின்பற்றுகிறதோ அவ்வளவே அந்தத் தகுதி. சில்க்கிபிக்ஸ் வழி நிரலை வைத்திருந்த ஃபியூஜிஃபில்ம், பின்னர் கேமராவின் செயலியையே பயன்படுத்தும் எக்ஸ் ரா ஸ்டுடியோவைக் கொண்டுவந்தது இந்த வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது.

மூன்றாவது, பொது நிரல்கள் எப்படியும் எல்லாவற்றையும் திறந்துவிடுகின்றன என்ற வாதம். பேயர் அடுக்கில் இது பெரிதும் உண்மை. அடுக்கு மாறும்போது நிலைமை மாறுகிறது. ஃபியூஜிஃபில்ம் 2012-இல் எக்ஸ்-புரோ1 கேமராவில் ஆறுக்கு ஆறு கட்டமைப்புள்ள எக்ஸ்-டிரான்ஸ் வடிகட்டியைக் கொண்டுவந்தபோது, பொது நிரல்களில் நிறம் கசிந்து நுண்விவரம் குழம்பியது. அடோபி தன் முறையை 2013-இல் திருத்திய பின்னரே நிலைமை தேறியது. ஒரே புள்ளியில் மூன்று நிறங்களையும் அடுக்கடுக்காகப் பதியும் ஃபோவியான் சென்சாரைக் கொண்ட சிக்மா குவாட்ரோ கேமராக்களின் எக்ஸ்3எஃப் கோப்புகளை அடோபி நிரல்கள் ஏற்கவில்லை. பின்னாளில் சிக்மாவே டிஎன்ஜி என்ற அடோபியின் பொது ரா வடிவில் சேமிக்கும் வசதியைக் கேமராவில் சேர்க்க வேண்டியிருந்தது.

மூடிய வடிவமும் அதன் விலையும்

தயாரிப்பாளரின் வாசிப்புக்கு முதன்மை தருவது, கோப்பை அவர் பூட்டிவைக்க உரிமை தருவதாகாது. 2005-இல் நிக்கான் டி2எக்ஸ் கேமராவின் கோப்புகளில் ஒயிட் பேலன்ஸ் தகவல் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதை, ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்களுள் ஒருவரான தாமஸ் நோல் வெளிப்படுத்தினார். தகுதியுள்ள நிரலாளர்களுக்கு மேம்பாட்டுத் தொகுப்பு தருவதாக நிக்கான் பதில் சொன்னது. 1997 முதல் டிசிரா என்ற திறமூல நிரலை எழுதிவந்த டேவ் காஃபின் அந்த மறையைத் தாமே அவிழ்த்தார். வண்ணக் கணக்கு எங்கள் வணிக ரகசியம் என்று நிறுவனம் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கும் கோப்பின் அமைப்பும் வேறுவேறு. படம் எடுத்தபோது ஒளி எப்படி இருந்தது என்ற குறிப்பு, எடுத்தவருக்கு உரியது. கணக்கைக் காத்துக்கொண்டே அமைப்பை வெளியிடலாம். அதற்குத் தடை ஏதும் இல்லை.

காலம் செல்லச் செல்ல இந்தப் பொறுப்பு கூடுகிறது. நிக்கான் 2006-இல் கேப்சர் என்எக்ஸையும் 2008-இல் அதன் இரண்டாம் பதிப்பையும் விலைக்கு விற்றது. ஓர் இடத்தைத் தொட்டு அதை மட்டும் திருத்தும் யு பாயிண்ட் முறை அதன் சிறப்பு. அந்தத் தொழில்நுட்பத்துக்குச் சொந்தமான நிக் சாஃப்ட்வேரை 2012-இல் கூகுள் வாங்கியது. 2014-இல் இலவச கேப்சர் என்எக்ஸ்-டி நிரல் வந்தபோது அதில் யு பாயிண்ட் இருக்கவில்லை. முந்தைய நிரலில் பொறுமையாகச் செய்த திருத்தங்களை அதில் தொடர முடியவில்லை. கொனிகா மினோல்டா 2006-இல் கேமராத் தொழிலை விட்டு விலகியபோது அதன் எம்ஆர்டபிள்யூ கோப்புகளுக்கும் அதே கதி நேர்ந்திருக்கும். இன்றும் அவை திறக்கின்றன என்றால் டிசிராவும் அதை அடியொற்றி எழுந்த லிப்ராவும், பிற பொது நிரல்களும் தந்த ஆதரவே காரணம். 2004-இல் அடோபி விவரங்களோடு வெளியிட்ட டிஎன்ஜி வடிவத்தை லைக்கா, பென்டாக்ஸ், ரிக்கோ ஆகியவை கேமராவிலேயே ஏற்றன. அமைப்பை வெளியிட்டதால் அவற்றின் வண்ணத் தனித்தன்மை கெட்டுவிடவில்லை.

ஆகவே பயனர் செய்யத்தக்கது தெளிவு. தயாரிப்பாளரின் நிரலை நிறுவி, தன் படம் கேமராவின் கணக்கில் எப்படி இருக்கிறது என்பதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அன்றாட வேலைக்குத் தனக்கு உகந்த நிரலைப் பயன்படுத்தலாம். முக்கியமான படங்களின் முடிந்த வடிவத்தை டிஃப் போன்ற பொதுவடிவிலும் சேமிக்க வேண்டும். தயாரிப்பாளர் செய்யத்தக்கதும் தெளிவு. தன் நிரலைக் கேமராவின் உறுப்பாகக் கருதி மேம்படுத்த வேண்டும். ஒவ்வொரு புதிய கேமராவோடும் அதன் கோப்பமைப்பை எழுதி வெளியிட வேண்டும். ஒரு கேமரா சில ஆண்டுகள் உழைக்கும். அதில் எடுத்த படத்தைப் பேரப்பிள்ளைகளும் திறந்து பார்க்க வேண்டும் என்பதே எடுத்தவரின் எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றும் வழி, நிறுவனத்தின் ஆயுளை மட்டும் நம்பியிராத ஓர் ஆவணத்தை விட்டுச்செல்வது.